அலைகளின் பங்கீடு: தொழில்முறை அலைச்சறுக்கிற் பெண்களின் நிலை பற்றிய ஒரு நோக்கு

2018 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில், தென்னாபிரிக்காவின் பலிற்றோக் கடற்கரையில் நடந்த இளையோர் அலைச்சறுக்குப் போட்டியின் முடிவில் எடுக்கப்பட்ட புகைப்படமொன்று உலகெங்கும் பரவிற்று. ஆண்கள் பிரிவில் வென்ற இளைஞரும் பெண்கள் பிரிவில் வென்ற யுவதியும் தத்தமக்குக் கிடைத்த காசோலையின் பெருப்பித்த வடிவத்தை ஏந்தி அருகருகே நிற்கின்றனர். இளைஞரின் காசோலையில் 8,000 ராண்ட். யுவதியின் காசோலையில் 4,000. கடல் ஒன்றே, கரை ஒன்றே, நடுவர் விதிகளும் ஒன்றே. கண்டனங்கள் எழுந்தபோது போட்டிப் பொறுப்பாளர்கள் கூறிய விளக்கம், பெண் போட்டியாளர் தொகை குறைவாதலின் அவர்களுக்கான பரிசுத் தொகையும் குறைந்தது என்பதாகும். பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட இடங்கள் ஏன் குறைவாயின என்ற வினாவுக்கு அவ்விளக்கத்தில் விடை இருக்கவில்லை. இவ்வினாவுக்குக் கட்டுரையின் இறுதியில் மீண்டும் வருவோம்.

அதே ஆண்டு செப்டெம்பரில், தொழில்முறைப் போட்டிகளை நடத்தும் உலக அலைச்சறுக்கு லீக், 2019 முதல் தனது கட்டுப்பாட்டிலுள்ள சகல போட்டிகளிலும் இருபாலார்க்கும் சமமான பரிசுப் பணம் வழங்கப்படும் என அறிவித்தது. அமெரிக்காவைத் தளமாகக் கொண்ட உலகளாவிய விளையாட்டு நிறுவனங்களுள் இவ்வாறு செய்த முதலாவது தானே எனவும் அது பெருமை கூறிக்கொண்டது. பத்திரிகைகள் இதனை ஒரு கம்பனியின் பெருந்தன்மையாகவே எழுதின. இக்கூற்று நுணுகி ஆராயப்பட வேண்டியதாகும். இச்சமத்துவம் எவரால், எவ்வழியால் ஈட்டப்பட்டது என்பதும், பரிசுப் பணத்தைச் சமப்படுத்தியதோடு சமத்துவம் எய்தப்பட்டுவிட்டதா என்பதும் ஈண்டு எமது கவனத்துக்குரியன. எமது கருத்தில், இத்துறையில் மூல ஏற்றத்தாழ்வு பணத்தில் இருக்கவில்லை. அலைகள் பங்கிடப்பட்ட முறையிலேயே அது இருந்தது. பணத்தின் ஏற்றத்தாழ்வு அதிலிருந்தே பிறந்தது.

இதனை விளங்கிக்கொள்ள, போட்டி நடக்கும் முறையை அறிதல் அவசியம். ஓட்டப் பந்தயத்திற் பாதை எல்லார்க்கும் ஒன்று. அலைச்சறுக்கில் ஆடுகளம் மணிக்கு மணி மாறுவது. தொலைவிற் புயலால் எழுந்த அலைத்தொடர் எத்திசையிலிருந்து வருகின்றது, வற்றுப்பெருக்கு எந்நிலையிலுள்ளது, காற்று தரையிலிருந்து கடல்நோக்கி வீசுகின்றதா அன்றிக் கடலிலிருந்து வீசி அலைமுகத்தைக் குலைக்கின்றதா என்பனவற்றைப் பொறுத்தே அலையின் தரம் அமையும். ஒரு சுற்றில் இருவர் அல்லது மூவர் ஏறத்தாழ அரைமணி நேரம் கடலிலிருப்பர். ஒவ்வோர் அலைக்கும் ஐந்து நடுவர்கள் பத்துக்குப் புள்ளியிடுவர். அதிகூடியதும் அதிகுறைந்ததும் நீக்கப்பட்டு எஞ்சிய மூன்றின் சராசரி கொள்ளப்படும். சிறந்த இரண்டு அலைகளின் கூட்டுத்தொகையே ஒருவரது பெறுபேறு. எனவே, நல்ல அலை வராத அரைமணி நேரத்தில் எத்துணை வல்லவரும் ஒன்றும் செய்ய இயலாது. ஒரு போட்டிக்குப் பத்துப் பன்னிரண்டு நாள்கள் ஒதுக்கப்படுகின்றன. அவற்றுள் எந்நாளில், எம்மணியில், எப்பிரிவினர் கடலில் இறங்குவது என்பதைப் போட்டிப் பணிப்பாளர் ஒவ்வொரு காலையிலும் தீர்மானிப்பார்.

ஏற்றத்தாழ்வு புகுந்த வாயில் இதுவே. பல தசாப்தங்களாக நல்ல அலை எழுந்த நேரம் ஆண்களுக்கும், காற்றுத் திரும்பி அலை குலைந்த நேரம் பெண்களுக்கும் என்பது எழுதாச் சட்டமாக நிலவிற்று. அவ்வாறு குலைந்த அலையிற் பெண்கள் காட்டிய ஆற்றலைச் சீரிய அலையில் ஆண்கள் காட்டிய ஆற்றலோடு ஒப்பிட்டு, பெண்களின் ஆட்டம் பார்வையாளரைக் கவராது என்றனர். கவராததால் அனுசரணை இல்லை. அனுசரணை இல்லாததால் பரிசு குறைவு. பரிசு குறைவாதலின் பயிற்சிக்கும் பயணத்துக்கும் வழியில்லை. ஆகவே ஆற்றல் வளரவில்லை. விளைவைக் காரணமாகக் காட்டும் இவ்வாதம் அலைச்சறுக்குக்கு மட்டும் உரியதன்று. பெண்கல்வி பற்றியும் தொழிற்சங்கங்களிற் பெண்களின் இடம் பற்றியும் நமது சூழலிற் கூறப்பட்டவற்றை நினைவிற் கொள்ளும் வாசகர்க்கு இதன் சாயல் புதிதாயிராது.

இத்துறையின் ஆதி வரலாறு இவ்வாதத்துக்கு முற்றிலும் மாறானது என்பது மனங்கொள்ளத்தக்கது. ஹவாய்த் தீவுகளில் 'ஹெஏ நலு' எனப்பட்ட அலைச்சறுக்கு, ஆண் பெண் இருபாலாரும் பயின்ற கலையாகும். மவுயித் தீவின் கேலியா என்ற தலைவியைப் பற்றிய வாய்மொழி மரபுகள் அவளது அலைச்சறுக்குத் திறனையே முதன்மையாகப் போற்றுகின்றன. வரலாற்றுக் காலத்தில் ஆட்சியதிகாரம் பெற்றிருந்த காஅஹுமனு அரசியும் இதில் வல்லவர். அச்சமுதாயத்தைச் சமத்துவ சமுதாயமெனக் கொண்டாடுவதற்கில்லை. அது கடுமையான படிநிலைகளைக் கொண்டிருந்தது; 'கப்பு' எனப்பட்ட விலக்குமுறையின் கீழ் ஆணும் பெண்ணும் ஓரிடத்திலிருந்து உண்பதும் தடைசெய்யப்பட்டிருந்தது. 1819 இல், அதே காஅஹுமனுவின் முன்னெடுப்பிலேயே அத்தடை குலைந்தது. ஒரே பந்தியில் அமர அனுமதியாத ஒரு சமுதாயம் ஒரே அலையில் இருபாலாரையும் அனுமதித்தமை ஆய்வுக்குரிய முரண்பாடாகும். மறு ஆண்டிற் கிறித்தவ மிஷனரிமார் வந்திறங்கினர். கொண்டுவரப்பட்ட நோய்களால் மக்கள்தொகை சரிந்தமை, நில உறவுகள் மாறியமை, உடலை மறைக்கும் ஒழுக்கநெறி புகுந்தமை ஆகியன ஒன்றுசேர்ந்து பத்தொன்பதாம் நூற்றாண்டில் இக்கலையை நலிவுறச் செய்தன. இருபதாம் நூற்றாண்டில் உல்லாசப் பயணத்துறையோடு அது புத்துயிர் பெற்றபோது ஏறத்தாழ ஆண்களின் விளையாட்டாகவே வெளியுலகிற் பரவிற்று. ஆயினும், 1915 இல் ஹவாய் வீரர் டியூக் கஹானமோக்கு சிட்னியில் இதனைச் செய்துகாட்டியபோது, அவரோடு ஒரே பலகையில் அலையேறியவர் இசபெல் லெதம் என்ற பதினைந்து வயதுச் சிறுமி. 1964 இற் சிட்னியின் மான்லியில் நடந்த முதலாவது உலகச் சம்பியன் போட்டியிலும் பெண்கள் பிரிவு இருந்தது. அவுஸ்திரேலியரான பிலிஸ் ஓடொனல் அதில் வென்றார்.

பணம் புகுந்தது 1970களில். 1976 இல் ஆண்களுக்கான தொழில்முறைச் சுற்றுத்தொடர் ஒழுங்கமைக்கப்பட்டது. மறு ஆண்டிற் பெண்களுக்கும் அது விரிந்தது. மார்கோ ஓபேர்க் முதலாவது சம்பியனானார். இத்தொடர்களின் பின்னணியில் நின்ற மூலதனம், குளியலுடையும் காற்சட்டையும் விற்கும் கம்பனிகளுடையது. விளையாட்டு அவற்றுக்கு விளம்பரம். ஆண் வீரன் கடலையடக்கும் சாகசத்தின் உருவமாகவும், பெண் கரையில் நின்று அவனைப் பார்க்கும் உருவமாகவும் அவ்விளம்பரங்களிற் சித்திரிக்கப்பட்டனர். 1980களின் பெரும் போட்டிகளோடு நீச்சலுடை அழகிப் போட்டிகளும் இணைக்கப்பட்டன. 1986 ஓகஸ்ற் 31 அன்று கலிபோர்ணியாவின் ஹன்ரிங்ரன் கடற்கரையில் நடந்த பெருங் கலவரம், பெண்களின் நீச்சலுடையைப் பறிக்க முற்பட்ட கூட்டத்திலிருந்து மூண்டதாகப் பரவலாகக் கூறப்பட்டது. பொலிஸ் வாகனங்கள் எரிந்தன. பெண்ணை அலங்காரப் பொருளாக நிறுத்திய மேடைக்கருகிலேயே தொழில்முறைப் பெண்கள் தம் வாழ்வுக்காகப் போட்டியிட்டுக்கொண்டிருந்த காலம் அது.

அக்காலத்தின் நிலையைக் காட்ட ஒருவரின் கதை போதும். அவுஸ்திரேலியரான போலின் மென்சர், மூட்டுவாத நோயால் வருந்திக்கொண்டே, அனுசரணையாளர் எவருமின்றி, பொருள்களை வாங்கி விற்றுப் பயணச் செலவை ஈடுசெய்துகொண்டு 1993 இல் உலகச் சம்பியனானார். அப்பட்டத்துக்கெனப் பரிசுப் பணம் எதுவும் அவருக்குக் கிடைக்கவில்லை. அவர் ஓரினச் சேர்க்கையாளர் என்பதும், விளம்பரதாரர் விரும்பிய பொன்னிறக் கூந்தலழகுக்குள் அடங்காதவர் என்பதும் அவரை ஒதுக்குவதற்குப் போதுமாயிருந்தன. 2020 இல் வெளிவந்த ஓர் அவுஸ்திரேலிய விவரணத் திரைப்படம் இவ்வரலாற்றைப் பொதுமக்கள் முன் கொணர்ந்த பின்னரே, மக்கள் தாமாகப் பணந்திரட்டி அவருக்கு வழங்கினர். கடமைப்பட்டவை எனக் கருதத்தக்க கம்பனிகள் செய்யாததைப் பார்வையாளர் செய்தனர்.

மென்சருக்கு அடுத்து 1994 முதல் 1997 வரை தொடர்ந்து நான்கு முறை வென்ற லிசா அண்டர்சனின் காலத்திற் சந்தை ஓர் உண்மையைக் கண்டுகொண்டது: பெண்களும் உடை வாங்குகிறார்கள். பெண்களுக்கென ஒரு கம்பனி 1990 இல் தொடங்கியிருந்த 'றொக்ஸி' என்ற வணிகப் பெயர் அவரது புகழோடு வளர்ந்தது. சிலருக்கு உண்மையாகவே பெரும் வருவாய் வந்தது; அதனை நாம் குறைத்து மதிப்பிடுவதற்கில்லை. ஆனால் அவ்வருவாய் அலையில் ஈட்டிய புள்ளிகளைவிட முகத்தோற்றத்தையே அளவுகோலாகக் கொண்டது. பிரேசிலின் மீனவக் குடியிருப்பொன்றிலிருந்து எழுந்து உலகத் தரவரிசையில் இரண்டாமிடம் வரை சென்ற சில்வானா லீமா, மொடல் அழகி போன்று தாம் இல்லாமையாலேயே அனுசரணை கிட்டவில்லை எனப் பகிரங்கமாகக் கூறினார். போட்டிகளுக்குச் செல்ல அவர் நாய்க்குட்டிகளை வளர்த்து விற்றார். 2013 இற் பிரான்சின் பியாரிற்ஸ் போட்டிக்காக வெளியிடப்பட்ட விளம்பரப் படமோ இவ்வளவுகோலின் உச்சம். அப்போது ஐந்து முறை உலகச் சம்பியனாயிருந்த ஸ்ரெபனி கில்மோரின் முதுகும் இடையும் அதிற் காட்டப்பட்டன. முகம் காட்டப்படவில்லை. அவர் ஓர் அலையிலேனும் ஏறுவதும் காட்டப்படவில்லை. முன்னாட் சம்பியன் கோறி சூமாக்கர் இதற்கெதிராகக் கையெழுத்துத் திரட்டினார்.

இனி, சமத்துவம் எவ்வாறு ஈட்டப்பட்டது என்பதை நோக்குவாம். சான்பிரான்சிஸ்கோவுக்குத் தெற்கே, ஹாஃப் மூன் குடாவுக்கு அணித்தே மவரிக்ஸ் எனும் இடமுண்டு. குளிர்காலத்தில் அங்கெழும் அலைகள் உலகின் மிகப் பயங்கரமானவற்றுள் அடங்குவன. 1999 இல் அங்கு நடந்த முதலாவது போட்டிக்கு இடப்பட்ட பெயரே 'மலைகளில் ஏறும் ஆண்கள்' எனும் பொருளுடையது. அதே 1999 இற் சேரா கேர்ஹார்ட் என்ற பெண் அவ்வலைகளில் ஏறினார். ஆயினும் அடுத்த பல ஆண்டுகள் அப்போட்டிகளிற் பெண்களுக்கென ஒரு சுற்றேனும் இருக்கவில்லை. 2016 இற் பியாங்கா வலென்ரி, கியாலா கெனலி, பேய்ஜ் ஆம்ஸ், அந்திரியா மொல்லர் ஆகிய பேரலை வீராங்கனைகள், சட்டத்தரணி கரன் ரைனன், அப்பகுதித் துறைமுகச் சபையின் உறுப்பினர் சப்ரினா பிரெனன் ஆகியோரோடு சேர்ந்து பெண்களின் அலைச்சறுக்குச் சமத்துவத்துக்கான குழுவொன்றை அமைத்தனர்.

அவர்கள் கையாண்ட உபாயம் கூர்ந்து கவனிக்கத்தக்கது. கம்பனிகளின் நல்லெண்ணத்தை அவர்கள் இரந்து நிற்கவில்லை. போட்டி நடக்கும் கடல் எவருடையது என்ற வினாவை எழுப்பினர். கலிபோர்ணியாவின் கரையோர நீரும் அதன் அடிநிலமும் மக்கள் பொருட்டு அரசினாற் பொறுப்பாக வைத்திருக்கப்படுவன. 1972 இல் மக்கள் வாக்கெடுப்பினால் உருவான கரையோர ஆணைக்குழு, கடலை அடையும் உரிமையை எல்லார்க்கும் பேணும் கடப்பாடுடையது. ஒரு தனியார் நிறுவனம் போட்டி நடத்துகையில் அந்நாளிற் பொதுமக்களை அவ்வலைகளிலிருந்து விலக்குகின்றது. அதற்காகவே அனுமதிப்பத்திரம் தேவைப்படுகின்றது. பொதுச்சொத்தை ஒருநாளைக்குத் தன்வயப்படுத்தும் நிறுவனம், அச்சொத்தின் சம உரிமையாளரான பெண்களை எவ்வாறு விலக்க முடியும்? ஆணைக்குழு இவ்வாதத்துக்குச் செவிசாய்த்தது. 2016 இற் பெண்களுக்கான சுற்று அனுமதியின் நிபந்தனையாயிற்று. பழைய அமைப்பாளர் வங்குரோத்தாகி, உலக லீக் அப்போட்டியைப் பொறுப்பேற்றபோது, குழுவினர் அடுத்த படியாகச் சமமான பரிசைக் கோரினர். 2018 இல் மாநிலக் காணிகள் ஆணைக்குழுவும் அதனை வலியுறுத்தியது. லீக்கின் செப்டெம்பர் அறிவிப்பு வெளிவந்தது இந்நெருக்குதலின் நடுவிலேயே. பலிற்றோப் புகைப்படம் எழுப்பிய கண்டனத்துக்கும், உள்ளிருந்து வாதாடிய வீராங்கனைகளுக்கும் இதிற் பங்குண்டு. எனினும் அனுமதிப்பத்திரத்தின் வலிமையை மறைத்து இவ்வரலாற்றைக் கூறுதல் தகாது. 2019 இற் கலிபோர்ணியச் சட்டமன்றம், மாநிலக் காணியில் நடைபெறும் விளையாட்டுப் போட்டிகளுக்குச் சமபரிசை நிபந்தனையாக்கும் சட்டத்தை இயற்றியது. இத்தனைக்கும் காரணமான மவரிக்ஸ் போட்டியோ, உலக லீக்கின் கீழ் ஒருமுறையேனும் நடைபெறவில்லை. 2019 இல் லீக் அதனைக் கைவிட்டது. வென்றெடுத்த சுற்றில் அப்பெண்கள் இறங்கவேயில்லை.

பணம் சமமான பின்னரே அலைகளின் பங்கீடு வெளிப்படையான வினாவாயிற்று. தஹிட்டியின் தியாஹூப்போவில், ஆழ்கடலிலிருந்து வரும் அலை திடீரென முருகைக்கற்பார்மீது மோதிக் கவிழ்ந்து கனத்த குழாயாகச் சுருளும். அக்குழாயினுட் புகுந்து வெளிவருதலே அங்குத் திறன். 2006 இற்குப் பின் பெண்கள் தொடரிலிருந்து அவ்விடம் நீக்கப்பட்டது; ஆபத்தானது என்பதே கூறப்பட்ட நியாயம். 2022 வரை, பதினாறு ஆண்டுகள், ஒரு தலைமுறை வீராங்கனைகள் அங்குப் போட்டியிடாமலே தம் காலத்தைக் கழித்தனர். ஹவாயின் பைப்லைனிலோ, பெண்களின் உலகத்தொடர்ப் போட்டியொன்று முதன்முதலாக நடந்தது 2020 டிசெம்பரில். அதுவும் ஒரு தற்செயலால். மவுயித் தீவின் ஹொனலூவாக் குடாவிற் பெண்கள் போட்டி நடந்துகொண்டிருக்கையில், அங்கு அலைச்சறுக்கிய ஒருவரைச் சுறா தாக்கிக் கொன்றது. எஞ்சிய சுற்றுகள் பைப்லைனுக்கு மாற்றப்பட்டன. அவுஸ்திரேலியரான ரைலர் றைற் வென்றார். 2022 இல் அங்கு முழுமையான பெண்கள் போட்டி நடந்தபோது, தொடரின் நிரந்தர உறுப்பினரல்லாது சிறப்பழைப்பிற் பங்குபற்றிய மொவானா ஜோன்ஸ் வொங், ஐந்து முறை சம்பியனான கரிசா மூரை இறுதிச் சுற்றில் வென்றார். அவர் அவ்வலையின் அருகிலேயே வாழ்ந்து, ஆண்டுக்கணக்காக அதிற் பழகியவர். 2024 இல் தியாஹூப்போவில் நடந்த லீக் போட்டியிலும் அத்தீவுக் கூட்டத்தைச் சேர்ந்த, அவ்வாறே சிறப்பழைப்பிற் கலந்துகொண்ட, வகினே ஃபியறோ முதலிடம் பெற்றார். அதே போட்டியிற் பிரேசிலின் ரத்தியானா வெஸ்ரன்வெப் ஓர் அலைக்குப் பத்துக்குப் பத்துப் பெற்றார். அலையை அணுகும் வாய்ப்பே ஆற்றலின் முன்நிபந்தனை என்பதற்கு இவற்றைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

பேரலைத் துறையிற் பங்கீட்டோடு அங்கீகாரமும் வினாவாகின்றது. பிரேசிலின் மாயா கபெய்றா 2013 இற் போர்த்துக்கலின் நசாரேயில் ஏறத்தாழ உயிரிழந்து மீட்கப்பட்டார். ஆண் வீரர்கள் இவ்வாறு வீழ்ந்தபோது வீரமெனப் போற்றியவர்களுட் சிலர், இவருக்கு அங்கு என்ன வேலை என வினவினர். முதுகில் அறுவைச் சிகிச்சைகளின் பின் 2018 சனவரியில் அதே இடத்தில் 68 அடி அலையில் ஏறினார். அதனைச் சாதனையாகப் பதிவதற்குப் பெண்களுக்கென ஒரு பிரிவே இருக்கவில்லை. கையெழுத்து மனுவொன்றின் பின்னரே கின்னஸ் அதனை ஏற்றது. 2020 பெப்ரவரியில் அவர் ஏறிய 73.5 அடி அலை, அவ்வாண்டு விருதுக்குரிய பருவத்தில் ஆண் பெண் இருபாலாரும் ஏறிய அலைகள் யாவற்றிலும் பெரியதென அளவிடப்பட்டது.

இச்சமத்துவத்தின் எல்லைகளையும் குறிப்பிடல் வேண்டும். பரிசுப் பணம் ஒரு தொழில்முறையாளரின் வருவாயில் ஒரு பகுதியே. அனுசரணை ஒப்பந்தங்கள் கம்பனிக்கும் தனியாளுக்கும் இடையிலானவை, எந்த ஆணைக்குழுவின் நிபந்தனைக்கும் உட்படாதவை. அதனினும் அடிப்படையானது, கடலில் யார் இறங்க முடிகிறது என்பது. எமது கிழக்குக் கரையின் அறுகம்குடா உலகப் புகழ் பெற்ற அலைகளைக் கொண்டது. வெளிநாட்டுப் பெண்கள் அங்கு பல்லாண்டுகளாக அலைச்சறுக்கி வந்தனர். அவ்வூர்ப் பெண்கள் கரையில் நின்றனர். இலங்கையின் முதலாவது பெண்கள் அலைச்சறுக்குக் கழகம் அங்கு நிறுவப்பட்டது 2018 இலேயே. லீக் தன் அறிவிப்பை வெளியிட்ட அதே ஆண்டில்.

பலிற்றோவில் எழுந்த வினா எஞ்சியுள்ளது. 2022 முதல் லீக்கின் தலைமைத் தொடரில் இருபாலாரும் ஒரே இடங்களிற் போட்டியிடுகின்றனர், பரிசும் சமம். ஆனால் இடங்கள் சமமல்ல. 2025 வரை ஆண்களுக்கு 36 இடங்களும் பெண்களுக்கு 18 இடங்களுமே இருந்தன. பெண்கள் போதிய தொகையினர் இல்லை என்ற நியாயம் ஒலிம்பிக்கிற் செல்லவில்லை: 2024 பாரிஸ் விளையாட்டு விழாவுக்காகத் தியாஹூப்போவில் நடந்த போட்டியில் 24 ஆண்களும் 24 பெண்களும் பங்குபற்றினர், அமெரிக்கரான கறொலைன் மார்க்ஸ் தங்கம் வென்றார். 2026 ஆம் ஆண்டுத் தொடரிற் பெண்களின் இடங்களை லீக் 24 ஆக உயர்த்தியது. ஆண்களின் இடங்கள் 36.